வாய் அளவு

ஏழு தோட்டா மிச்சம்.
பெரியகடைக்காரன் கையை விரித்துவிட்டான்:
"முப்பத்திரண்டு இனி வராது.
கப்பலே வரேல்லை, தோட்டா எங்கால வாறது?
முப்பத்தெட்டெண்டால் கொழும்பில எடுப்பிக்கலாம்."

பளையில் நட்டது நூற்றுப்பத்துத் தென்னம்பிள்ளை.
முப்பத்தொன்றைப் பன்றி
குருத்தோடு கிண்டிப்போட்டுது.
மிச்சத்தை எண்ணவில்லை.

ஸ்ரான்லி வீதியில் சவிரிமுத்துவின் கடைசல் பட்டறை.
சாக்கை அவிழ்த்துத் துவக்கைக் கிடத்தினேன்.
கைப்பிடி வளையத்தைக் கீழே தள்ளினார்,
திறந்த வாய்க்குள் ஒரு வெள்ளைக் கடுதாசியைப் பிடித்து
குழலின் மற்ற முனையில் கண் வைத்தார்.
"உள்ளுக்கு
அம்மாள் வருத்தம் வந்து மாறின முகம் மாதிரி இருக்கு."
ஐயா எண்ணெய் போடாத மழைக்காலங்கள்.
நானும் போடவில்லை.

"பெருப்பிக்கலாம்," என்றார்.
"குழலைக் குடையவேணும்.
சுருள்கோடு புதிசா வெட்டவேணும், அது கையால இழுக்கிற வேலை,
மூண்டு கிழமை செல்லும்.
தோட்டாவின்ரை விளிம்பைக் கவ்வுற நகத்தைக் கொஞ்சம் ராவவேணும்.
நீளத்திலை பெரிசா வித்தியாசமில்லை, வயித்துக்குள்ள சிக்காது."
பிறகு துணியால் கையைத் துடைத்துக்கொண்டு,
"ஒண்டு, அக்கா.
குடைஞ்சதைத் திரும்ப நிரப்பேலாது."

யோசிச்சு வாறன் என்று
சாக்கைச் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன்.
சாவகச்சேரி மட்டும் நின்றபடி.
கொண்டக்டர் கேட்டான், "என்ன, மண்வெட்டியோ?"
ஓம் என்றேன்.

அனுமதிப் புத்தகத்தில்
துவக்குக்கு முதல் எனக்கு ஒரு திருத்தம் இருக்கிறது.
ஐயாவின் முதலெழுத்தை வெட்டி
அவருடையதைப் போட்டிருக்கிறார்கள்,
சிவப்பு மை, பக்கத்தில் கச்சேரிக் கிளாக்கரின் சுருக்கொப்பம்.
அவர் செத்து நாலு வருசம்.
எழுத்து நிற்கிறது.
இனி அதற்குக் கீழ்வரியில் "வாய் அளவு" என்ற இடத்திலும்
ஒரு சிவப்புக் கோடு வேண்டுமாம்.
அதற்கு ஒரு மனு, ஒரு முத்திரை,
விதானையாரின் கடிதம்,
பிறகு "நாளைக்கு வாங்கோ".

தம்பி பம்பலப்பிட்டியிலிருந்து எழுதினான்:
கை வைக்காதே மங்களம்.
பழசு பழசாய் இருந்தால்தான் காசு.
இஞ்சை ஒரு டாக்குத்தர் சுவரிலை மாட்ட ஆசைப்படுகிறார்.
அவர் கேட்கிற விலையையும் எழுதியிருந்தான்,
இரண்டுதரம் அடிக்கோடிட்டு.

அன்றிரவு பன்றி வந்தது.
தோட்டாவை வீணாக்க மனமில்லாமல்
வெறுந் துவக்கின் வளையத்தைத் தள்ளி இழுத்தேன்.
சளக், சளக்.
பற்றைக்குள் விழுந்தடித்துக்கொண்டு ஓடியது.
எனக்குச் சிரிப்பு.
குழலும் வேண்டாம் குண்டும் வேண்டாம்
இந்தச் சத்தமே போதும் என்று
தம்பிக்குப் பதில் எழுதினேன், முத்திரை ஒட்டவில்லை.
ஒன்பது இரவு அப்படிப் போனது.

பத்தாம் இரவு, நிலவு.
சளக் என்றேன்.
பன்றி தலையைத் தூக்கிப் பார்த்தது.
அந்தப் பார்வையில் கோபமில்லை, பயமில்லை,
கடன்காரன் சொல்லும் தவணையைக் கேட்டுக் கேட்டுப் பழகினவர்கள்
பார்க்கிற பார்வை.
பிறகு குனிந்து
முப்பத்திரண்டாவது பிள்ளையைக் கிண்டத் தொடங்கியது.

விடிய முதல் பஸ்.
சவிரிமுத்து குழலைக் கழற்றிக் கடைசலில் பூட்டினார்,
பிடியை இறுக்கினார்,
ஆளியில் கை வைத்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தார்.
கேட்ட கேள்வியை அவர் திரும்பக் கேட்கவில்லை.
"சுத்துங்கோ," என்றேன்.

இரும்பு கறுப்பாய் வந்தது முதலில்,
துருவும் பழைய மருந்தும்.
பிறகு வெள்ளையாய், சுருள் சுருளாய்.

அந்த ஏழு தோட்டாவும்
தையல் மெசின் லாச்சிக்குள் கிடக்கின்றன,
நூற்கட்டைகளோடு.
சட்டைக்குப் பொத்தான் தேடும்போது கையில் தட்டுப்படும்.
ஒன்றை எடுத்துப் புதுவாயில் வைத்துப் பார்த்தேன், ஒருநாள்.
ஆடியது.